சிரிக்கத் தெரிந்த சுவாமியார்: வீரமாமுனிவர்

கரிசல் பூமியில் பிறந்தவர்களுக்குச் சிரிப்பு ஒரு கைமுதல். மழை பொய்த்த வருஷத்திலும், பருத்தி விலை சரிந்த வருஷத்திலும், சாயங்காலம் மடத்துத் திண்ணையில் நாலுபேர் கூடினால் ஒரு நையாண்டிக் கதையாவது பிறக்காமல் போகாது. அப்படி நம் பாட்டன் பாட்டிமார் சொல்லிச் சிரித்த கதைகளில் ஒன்று குதிரை முட்டைக் கதை. அதை எழுத்தில் வைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதும், அவர் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் ஊழியம் புரிந்தவர் என்பதும் நம் பிள்ளைகளில் பலர் அறியாதது. ஆகையால் அவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

கொன்ஸ்தான்சோ சூசை பெஸ்கி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியா தேசத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். வாலிபருக்குப் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710-இல் கோவைத் துறைமுகத்தில், அதாவது போர்த்துக்கேசியரின் கோவாவில், வந்திறங்கினார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டை அடைந்து மதுரை மிஷனில் அமர்ந்தார். அவருடைய ஆரம்ப கால ஊழியம் நடந்த இடங்களில் பரலோக மாதா கோவில் விளங்கும் நம் காமநாயக்கன்பட்டியும் ஒன்று.

அப்போது அவருக்கு வயது முப்பது கடந்திருந்தது. முப்பது வயதுக்கு மேல் ஒரு புதுப் பாஷையைக் கற்பதென்றால் சாமானியமா? ழகரமும் ளகரமும் நாவில் புரளவேண்டும். வீட்டுப் பேச்சு வேறு, ஏட்டுத் தமிழ் வேறு என்பதை உணரவேண்டும். சுவாமி இரண்டையும் விடவில்லை. காவியுடுத்து, புலால் மறுத்து, இந்நாட்டுத் துறவியரைப் போல வாழ்ந்தார். புலவர்களிடம் பாடங் கேட்டார். பேச்சுத் தமிழுக்கென்று தனியாக ஓர் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார். தைரியநாதர் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவரைத் தமிழுலகம் வீரமாமுனிவர் என்று கொண்டாடிற்று.

அவர் செய்த வேலைகளைக் கணக்கிட்டால் ஓர் ஆளுக்கு ஓர் ஆயுள் போதுமா என்று தோன்றும். அர்ச். சூசையப்பரின் சரித்திரத்தை 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்னும் காவியமாகப் பாடினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். செய்யுளாய் மனப்பாடம் செய்யவேண்டிய நிகண்டுகளே இருந்த காலத்தில், சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளோடு 1732-இல் சதுரகராதியைத் தந்தார்.

எழுத்திலும் ஒரு சீர்திருத்தம் செய்தார். பழைய நாளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைத்து, நெடிலிலிருந்து பிரித்துக் காட்டுவது முறை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துபோகுமே என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். அதனால் கொட்டைக்கும் கோட்டைக்கும் ஏட்டில் வித்தியாசமில்லாமற் போயிற்று! ஒருவர் ராஜாவின் கோட்டையைப் பற்றி எழுத, மற்றவர் அதைப் புளியங்கொட்டை என்று வாசித்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஏகாரத்துக்குக் கீழே ஒரு காலும், ஓகாரத்துக்கு ஒரு சுழியும், நெடிலுக்கு வேறு கொம்பும் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் நம் முனிவரே. இன்று நம் பிள்ளைகள் சிலேட்டிலும் நோட்டிலும் எழுதும் ஏகாரமும் ஓகாரமும் அவர் காட்டிய வழியில் வந்தவை.

இவ்வளவு பெரிய பண்டிதர் எழுதிய சிறிய நூல்தான் பரமார்த்த குருவின் கதை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியக் குருக்களுக்குப் பயிற்சி நூலாக, எதிர்ப் பக்கத்துக்கு லத்தீனும் சேர்த்து எழுதினார். இலக்கணச் சூத்திரத்தைக் காட்டிலும் சிரிப்புக் கதை சீக்கிரம் மனசில் ஒட்டும் என்பதைக் கண்டுகொண்ட ஆசிரியர் அவர்.

கதையில் ஒரு குரு. அவருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். அது சுர்ரென்று புகையவே, ஆறு சீறுகிறதென்று ஓடி வருகிறான். பிறகு அணைந்த கட்டையை வைத்துப் பார்த்து, ஆறு உறங்கிவிட்டதென்று எல்லாரும் மெல்ல அக்கரை சேருகிறார்கள். அங்கே தலையெண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒரு தலை குறைகிறது. ஆற்றை வைது ஒப்பாரி வைக்கிறார்கள். வழியே போனவன் ஒருவன் கூலி பேசிக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டுகிறான். காணாமற்போனவன் கிடைத்துவிட்டானென்று அடிபட்ட முதுகோடு ஆனந்தப்படுகிறார்கள்.

பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று பணங்கொடுத்து வாங்குவதும், அது விழுந்து உடைந்தபோது புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்று துரத்துவதும் எல்லாரும் அறிந்தவை. அதைவிட ஆழமானது ஓலைக் கதை. விழுந்ததையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு சொன்னதற்குச் சீடன் குதிரைச் சாணத்தையும் ஏந்தி எடுக்கிறான். ஆகவே எவையெவை விழுந்தால் எடுக்கலாம் என்று குரு ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு ஒரு நாள் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை வாசித்து, தலைப்பாகையையும் துணிமணிகளையும் ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்கிறார்கள், குருவை எடுக்கவில்லை. அவர் பெயர்தான் ஓலையில் இல்லையே! பள்ளத்தில் கிடந்தபடியே தம்மையும் எடுக்கும்படி எழுதிக்கொடுத்த பிறகே கரையேறுகிறார்.

சொற்களைப் பட்டியலாக அடுக்கி அகராதி செய்தவரே பட்டியலை நம்பிக் கெட்டவர்களைப் பற்றி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தின் அருமை அறிந்தவருக்கே எழுத்தின் எல்லையும் தெரியும்.

வேற்றுத் தேசத்தார் ஒருவர் நம் நாட்டுக் குருமாரை இகழ எழுதியது இது என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை அற்பமென்று தள்ளிவிடலாகாது. அவர் பிற சமயத்தாரோடும் லுத்தர் சபையாரோடும் கடுமையாக வாதாடியவர்; அவருடைய தர்க்க நூல்களில் வார்த்தை சூடாகவே இருக்கும். ஆனால் இந்தக் கதை அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. தலையெண்ணத் தெரியாத கதையை இங்கிலாந்தில் கோதம் என்னும் ஊராரின் மேல் ஏற்றிச் சொல்வார்கள். அசட்டுத்தனத்துக்கு ஒரு தேசமும் சொந்தமில்லை. அதற்கு எல்லா ஊரிலும் காணியுண்டு. மேலும், இதை எழுதியவரே ஜனங்களால் குரு என்று அழைக்கப்பட்டவர். உபதேசியார்களின் கடமைகளைப் பற்றி வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை எழுதியவர். யோசியாமல் கட்டளையிடும் குருவும், யோசியாமல் கீழ்ப்படியும் சீடனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை அவருடைய சொந்த வீட்டு வாசலுக்கும் பொருந்தும். தன் உத்தியோகத்தைப் பார்த்துத் தானே நகைக்க முடிந்தவரிடம் கர்வம் நெடுநாள் குடியிருக்காது.

அவருடைய வாழ்விலேயே ஒரு வேடிக்கை நடந்தது. தரங்கம்பாடி லுத்தர் சபையாரோடு அவர் ஓயாமல் மல்லுக்கு நின்றார். ஆனாலும் அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடந்தான்! வாதத்தில் விட்டுக்கொடாதவர்கள் தமிழுக்காக விட்டுக்கொடுத்தார்கள். பரமார்த்த குருவின் கதையோ அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1822-இல், பாபிங்டன் துரையின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டன் நகரில் அச்சேறியது.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா பெயராலும், கோணான்குப்பத்தில் பெரியநாயகி பெயராலும் கோவில்கள் விளங்கச்செய்த முனிவர், கடைசியில் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் 1747-இல் உயிர் நீத்தார். 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தார்கள்.

சிலையைப் பார்க்க நாம் பட்டணம் போகவேண்டும். கதைக்கு அது வேண்டாம். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, தலையெண்ணிய கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிரித்து ஓய்ந்தபின், வீட்டில் ஒரு சண்டை வந்தால் யார் யார் மேல் தப்பு என்று நாம் எண்ணுகிற கணக்கையும் நினைத்துப் பாருங்கள். மாமியார் ஒன்று, மருமகள் இரண்டு, மூத்தவன் மூன்று என்று எண்ணிக்கொண்டே போவோம்; எண்ணுகிறவரை மாத்திரம் விட்டுவிடுவோம். அந்த விடுபட்ட தலையைக் கண்டுபிடிக்க வழிப்போக்கன் வந்து முதுகில் அடிக்குமட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.