மூளையின் அலைகளைக் கண்ட ஹான்ஸ் பெர்கர்

இதயத்தின் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவியை நாம் எல்லோரும் அறிவோம். மனிதனின் மூளையில் ஓடும் மின் அலைகளை முதன்முதலில் தாளில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். அவருடைய பெருமையையும், அவர்மேல் படிந்த கறையையும் சேர்த்தே இங்கு எழுத விழைகிறேன்.

1873-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஜெர்மனியில் கோபர்க் நகருக்கு அருகே பெர்கர் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாய்வழிப் பாட்டனார் புகழ்பெற்ற கவிஞர் பிரெடரிக் ரூக்கர்ட். கீழைநாட்டு மொழிகள் பல கற்ற அக்கவிஞர், 1847-இல் நம் திருக்குறளின் சில பகுதிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

வானியல் கற்க எண்ணிய பெர்கர், இடையில் ஓராண்டு படைப்பயிற்சிக்குச் சென்றார். அங்கே ஒருநாள் குதிரையிலிருந்து தவறி, பீரங்கி வண்டியின் சக்கரத்தின் முன் விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே அவர் நலம் கேட்டுத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஆபத்து என்று தமக்கையின் மனத்தில் பட்டதாம்! தன் அச்சமே அவளை எட்டியது என்று நம்பிய இளைஞர், மனத்தின் ஆற்றலை அளந்து காண மருத்துவம் பயின்றார். தேடிய பொருள் கிடைக்கவில்லை. தேடாத புதையல் கிடைத்தது.

1897-இல் ஜேனா நகர மனநோய் மருத்துவமனையில் சேர்ந்து, 1919-இல் அதன் தலைவரானார். ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் முள் மிகச் சிறிய மின்னோட்டத்திற்கும் அசைவதை நாம் கண்டிருக்கிறோம். மூளையின் மின்னழுத்தமோ, தலைத்தோலின் மேல் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கே! பல ஆண்டுகள் தோல்வி கண்டும் சோர்வுறாத பெர்கர், 1924-இல் அதைப் பதிவு செய்தார். தம் மகனையே பலமுறை அமர வைத்துச் சோதித்து, 1929-இல் முடிவை வெளியிட்டார். கண் மூடி ஓய்ந்திருக்கையில் எழும் ஆல்பா அலைகள், கண் திறந்ததும் தணிவதைக் காட்டினார். அறிஞர்கள் பலர் ஐயுற்றனர். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்திய பின்னரே உலகம் ஏற்றது.

ஆனால் கறை? 1933-இல் நாஜி அரசு, மனநோயாளர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. சுமார் 4 லட்சம் பேர் அதற்குப் பலியாயினர். அத்தகைய வழக்குகளை முடிவு செய்த நீதிமன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக அமர்ந்தார். பாட்டனார் குறளைப் பெயர்த்தவர்; பேரனோ அருளுடைமையை மறந்தார். 1938-இல் ஓய்வு பெற்ற அவர், மனச்சோர்வுக்கு ஆளாகி, 1941 ஜூன் 1-ஆம் நாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவர் தந்த கருவியோ வளர்ந்தது. 1978-இல் பின்லாந்து அறிஞர் நாத்தானன் ஓர் உண்மையைக் கண்டார். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும்போது, இடையே ஒன்று மாறி ஒலித்தால், நாம் கவனிக்காவிட்டாலும் ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கிற்குள் மூளையில் ஒரு தனி அலை எழுகிறது. பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில், கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளான எனக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. தறிச் சத்தத்திலேயே கண்ணயரும் எங்கள் வீட்டார், நாடா ஓடும் ஓசை சற்று மாறினாலும் விழித்துக்கொள்வார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்த அலை சராசரியாகச் சிறுத்திருப்பதை 1991 முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மட்டும் கொண்டு ஒருவருக்கு இந்நோய் என்று முடிவு கட்ட இயலாது. எனினும் ஒன்று தெளிவு: நோயின் சுவடு மூளையில் இருக்கிறது, பேயிலும் இல்லை, பாவத்திலும் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், யாரோ தம்மைத் திட்டும் குரல் கேட்கிறது என்பார். வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், மருத்துவரிடம் போகவே மூன்று ஆண்டுகள் ஆயின. மருந்து உண்டபின் இன்று பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறார். அந்த மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? 2001-ஆம் ஆண்டு ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் கருகிய கொடுமையைத் தமிழ்நாடு மறக்கலாமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதையும், மனநோய்க்கு மருத்துவம் என்று கருத்தடை செய்வதையும் ஒருசேரத் தடை செய்கிறது. ஏர்வாடியின் கொடுமைக்கும் ஜேனாவின் கொடுமைக்கும் ஒரே பிரிவில் விலங்கு!

அறிவியல் பயிலும் நாம் பெர்கரின் விடாமுயற்சியைக் கற்போம். அவர் தவறியதையும் நினைவில் வைப்போம். அலையை அளக்கக் கருவி போதும். அந்த அலை எழும் தலைக்குரிய மனிதரை மதிக்க, அருள் நெஞ்சம் வேண்டும். குரல் கேட்கிறது என்று நம் வீட்டில் ஒருவர் சொன்னால், நகைக்காமல் கேட்போம். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.