பிளோபேரும் நண்பியின் நல்லுரையும்

இரவு முழுவதும் விழித்திருந்து எழுதுவதைப் பெருந்தவமென்று கருதிய காலம் எனக்கும் இருந்தது. ஒரே பந்தியைப் பத்து முறை மாற்றி எழுதிவிட்டுக் கனத்த தலையோடு வகுப்பறைக்குச் சென்ற நாட்கள் பல. அந்நாட்களில் எனக்கு இலட்சிய புருஷராக விளங்கியவர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் பிளோபேர். அவருடைய வரலாற்றை முற்றாகக் கற்ற பின்னரே, அதில் நான் காணத் தவறிய பகுதியொன்று உண்டென உணர்ந்தேன்.

1821ஆம் ஆண்டு றூவன் நகரிலே, மருத்துவமனைத் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணரின் மைந்தராகப் பிறந்தார் பிளோபேர். சட்டம் பயின்றுகொண்டிருக்கையில், 1844இல் நரம்பு நோய் அவரைத் தாக்கிற்று. படிப்பைக் கைவிட்டுச் சேன் நதிக்கரையிலுள்ள குருவாசே என்னும் சிற்றூரில் தாயாருடன் குடியமர்ந்தார். அதன்பின் எழுத்தே அவருக்கு உலகமாயிற்று. எழுதிய வாக்கியங்களை உரத்த குரலிற் படித்து, ஓசை பிசகியவற்றை அடித்துத் திருத்துவார். மடம் பொவாரி என்னும் ஒரு நாவலுக்கே, 1851 முதல் 1856 வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன.

இத்தகையவருக்கு வாய்த்த நண்பி ஜோர்ஜ் சாண்ட். அவரும் புகழ்பெற்ற நாவலாசிரியை. பிளோபேரினும் பதினேழு வயது மூத்தவர். பிளோபேரின் சலாம்போ நாவலைப் பாராட்டி 1863இல் அவர் எழுதிய கட்டுரையே இருவரையும் கடிதத் தொடர்பில் இணைத்தது. கொள்கையில் இருவரும் எதிரெதிர்க் கரைகள். ஆசிரியன் தன் உள்ளத்தைப் படைப்பிலே காட்டலாகாதென்றார் பிளோபேர். உள்ளத்தை மறைக்கும் எழுத்தைச் சாண்ட் ஏற்கவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை.

சாண்டும் இரவிரவாக எழுதியவரே. எனினும், நோஆன் கிராமத்து இல்லத்தில் தோட்டத்துக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், மகன் நடத்திய பாவைக்கூத்துக்கும் அவருக்கு நேரமிருந்தது. ஆதலால், அறைக்குள் அடைந்து கிடவாமல் வெளியே நடக்கவும், உடம்பைப் பேணவும் வேண்டுமென நண்பரை ஓயாது வற்புறுத்தினார். உழைப்பை அறியாதவரின் புத்திமதியன்று அது. உழைப்பாளி ஒருவர் மற்றோர் உழைப்பாளிக்கு அன்பினாற் கூறியது. 1869இல் நத்தார் விழாவுக்கு நோஆன் சென்ற பிளோபேர், பாவைக்கூத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஊர் திரும்பியதும் மீண்டும் எழுதுமேசையே கதியாயிற்று.

1872இல் தாயார் மறைந்தார். 1875இல், மருமகளின் கணவரைக் கடனிலிருந்து மீட்கப் போய்ச் செல்வத்தை இழந்தார். மனம் நொந்திருந்த அவரைப் படிப்போருக்கு ஆறுதல் தரும் கதை எழுதுமாறு சாண்ட் தூண்டினார். அவரை மகிழ்விக்கவே, பணிப்பெண் ஒருத்தியின் வாழ்வைக் கூறும் எளிய உள்ளம் என்னும் கதையைப் பிளோபேர் தொடங்கினார். கதை முடியுமுன்னரே, 1876 ஜூன் 8ஆம் நாள், சாண்ட் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கிற் பிளோபேர் கதறியழுதார். 1880 மே 8ஆம் நாள், இறுதி நாவல் முற்றுப்பெறா நிலையில், தமது 58ஆம் வயதில் அவரும் மறைந்தார்.

அந்த உழைப்பின்றி மடம் பொவாரி இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எளிய உள்ளத்தின் கனிவு, மேசையிலிருந்து பிறந்ததன்று, நட்பிலிருந்து பிறந்தது. ஆதலால், மாலையில் நண்பரொருவர் உலாவ அழைத்தால், இப்பொழுது பேனாவை மூடிவிட்டு எழுகிறேன். பாதியில் நின்ற வாக்கியம் நாளையும் காத்திருக்கும். நண்பர் காத்திருப்பாரென்பதற்கு உறுதி ஏது?