ஓவியராக விரும்பியவர் மூளையை வரைந்தார்

ஸ்பெயின் நாட்டில் மருத்துவர் ஒருவருக்குத் தீராத தலைவலியாக இருந்தவன் அவருடைய மகன். படிப்பில் கவனமில்லை, எப்போதும் படம் வரைவான். 11 வயதில் சொந்தமாகப் பீரங்கி செய்து, பக்கத்து வீட்டு வாயிற்கதவைச் சேதப்படுத்திச் சில நாள் சிறையிலும் இருந்தான். ஓவியம் சோறு போடாது என்று நினைத்த தந்தை, அவனை முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார்.

1852இல் பிறந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் நவீன நரம்பியலின் தந்தை எனப் போற்றப்பட்ட சந்தியாகோ ரமோன் இ காஹால்.

அவனை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது இடுகாடு! 1868இல் தந்தை அவனை அங்கே அழைத்துச் சென்று, கிடைத்த எலும்புகளைப் பார்த்து வரையச் சொன்னார். தடை செய்யப்பட்ட ஓவியமே இப்போது பாடமானது. 1873இல் காஹால் மருத்துவரானார். அடுத்த ஆண்டு இராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் உருக்குலைந்து திரும்பினார். இராணுவச் சம்பளத்தில் சேர்ந்த பணத்தைக் கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார்.

அக்காலத்தில் மூளை எப்படிப்பட்டது என்பதில் பெரும் குழப்பம் இருந்தது. நரம்பு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மீன்வலைபோல் ஒரே பின்னலாக இருக்கின்றன என்றே பலர் நம்பினர். இத்தாலியரான கமில்லோ கோல்கியும் அவர்களுள் ஒருவர். உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் கோல்கி உறுப்பு இவர் பெயரைத் தாங்கியதுதான். வெள்ளி உப்பைக் கொண்டு சில நரம்பு உயிரணுக்களை மட்டும் முழுக் கறுப்பாகக் காட்டும் சாய முறையை 1873இல் கண்டறிந்தவரும் இவரே.

காஹால் அம்முறையை 1887இல்தான் மாட்ரிட்டில் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்ததும் விடவில்லை. சாயத்தை இருமுறை ஏற்றினார். முதிர்ந்த மூளையில் இழைகள் காடுபோல் மண்டிக் கிடந்ததால், பறவைக் கருக்களையும் குட்டி விலங்குகளையும் ஆராய்ந்தார். அங்கே இழைகளின் முனைகள் தெளிவாகத் தெரிந்தன. அவை எதோடும் ஒட்டவில்லை! ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி.

இதை உலகுக்குச் சொல்வது எப்படி? ஸ்பானிய மொழி ஆய்வுகளை வெளிநாட்டினர் படிப்பது அரிது. 1888இல் காஹால் தம் பணத்தைப் போட்டு ஓர் ஆய்விதழ் தொடங்கி, பிறநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். பெரிய வரவேற்பு இல்லை. மறு ஆண்டு, கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு தாமே பெர்லின் மாநாட்டுக்குப் புறப்பட்டார். தட்டுத்தடுமாறிப் பேசிய அவரை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் நுண்ணோக்கியில் கண் வைத்தவர்கள் அசந்துபோயினர். ஜெர்மனியின் மூத்த அறிஞர் கோலிக்கர் அன்றுமுதல் அவருக்குத் துணை நின்றார். அப்போது அவருக்கு வயது 72. காஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே அவர் ஸ்பானிய மொழி கற்றார் என்பர்.

1906இல் மருத்துவ நோபல் பரிசு காஹாலுக்கும் கோல்கிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. விழாவில் கோல்கி தம் உரையைக் காஹாலின் கொள்கையை மறுப்பதற்கே பயன்படுத்தினார். மறுநாள் காஹால் தம் சான்றுகளை விளக்கினார். ஒரே சாயம், ஒரே பரிசு. கண்ட காட்சி மட்டும் வேறு.

காஹால் 1934இல் மாட்ரிட்டில் காலமானார். கோல்கி அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, இரு நரம்பணுக்களுக்கு இடையே இருக்கும் மிக நுண்ணிய இடைவெளியைப் படம் பிடித்துக் காட்டியது. காஹால் கையால் வரைந்த படங்கள் இன்றும் நரம்பியல் பாடநூல்களில் அச்சாகின்றன.