ஹார்வர்டை மாற்றிய வேதியியல் ஆசிரியர்

இளம் அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

பாடத்திட்டம் மாறுகிறது என்றால் மாணவர்களாகிய நம் நினைவுக்கு வருவது புதுப் புத்தகந்தான். அதே நாளில் ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்பேடு பயனற்றுப் போகலாம். இன்னொருவர் நெடுநாள் கனவு கண்ட பாடம் அவர் கைக்கு வரலாம். இவ்விரண்டையும் தம் வாழ்நாளில் நிகழ்த்திக் காட்டியவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக நாற்பது ஆண்டுகள் விளங்கிய சார்லஸ் வில்லியம் எலியட்.

எலியட் 1834 மார்ச் 20ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரின் மேயராக இருந்தவர். பிறவியிலேயே எலியட்டின் வலக் கன்னத்தில் செந்நிறத் தழும்பு ஒன்று படர்ந்திருந்தது. பிறர் பார்வைக்கு அஞ்சாமல் நிமிர்ந்து நடக்க அவர் இளமையிலேயே பழகிக்கொண்டார். 1853இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அங்குக் கணிதம் கற்பிக்கும் இளநிலை ஆசிரியரானார். 1858இல் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் துணைப் பேராசிரியரானார். இதற்கிடையே, 1857இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் குடும்பச் செல்வம் கரைந்துபோயிற்று.

1863இல் வேதியியலுக்குரிய ரம்ஃபோர்டு பேராசிரியர் பதவி காலியாயிற்று. எலியட் அதை எதிர்பார்த்திருந்தார். ஆனால் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற உல்காட் கிப்ஸ் என்பவருக்கு அது வழங்கப்பட்டது. எலியட் ஹார்வர்டை விட்டு வெளியேறி ஐரோப்பா சென்றார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நடைபெறும் முறையைக் கூர்ந்து கவனித்தார். அப்போது பெரிய பருத்தி ஆலை ஒன்று நல்ல ஊதியத்தோடு மேலாளர் வேலை தர முன்வந்தது. கையில் பணமில்லாத நிலையிலும் அதை மறுத்தார். 1865இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பகுப்பாய்வு வேதியியல் பேராசிரியரானார். நண்பர் ஸ்டோரருடன் சேர்ந்து கனிம வேதியியலுக்குப் பாடநூலும் எழுதினார்.

1869ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. புதிய கல்வி பற்றி அவர் இதழில் எழுதிய கட்டுரைகள் பலர் கண்ணில் பட்டன. முப்பத்தைந்து வயதே ஆன அவரை ஹார்வர்டு தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். மேற்பார்வைக் குழுவினர் முதலில் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொண்டனர். அந்த மார்ச் மாதத்தில்தான் அவர் மனைவியார் காலமானார். துயரத்தைத் தாங்கிக்கொண்டே பொறுப்பேற்றார்.

அந்நாளில் அங்குக் கல்வி எப்படி இருந்தது? கிரேக்கம், இலத்தீன், கணிதம் ஆகியவை கட்டாயம். மாணவன் எழுந்து நின்று பாடத்தை ஒப்பிப்பான். ஆசிரியர் மதிப்பெண் போடுவார். கற்பித்தலைவிடக் கணக்கெழுதுதலே ஆசிரியருக்குப் பெரும் வேலை. எலியட் இந்த அமைப்பைப் படிப்படியாக அகற்றினார். 1872இல் இறுதி ஆண்டினருக்கும், 1879இல் மூன்றாம் ஆண்டினருக்கும், 1884இல் இரண்டாம் ஆண்டினருக்கும் கட்டாயப் பாடங்கள் நீக்கப்பட்டன. மாணவனே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாட முறை வேரூன்றியது.

இதனால் ஆசிரியர்கள் அடைந்தவை பல. ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட இடத்தில் விரிவுரையும் ஆய்வுக்கூடமும் வந்தன. தாம் ஆராயும் துறையையே கற்பிக்க வழி பிறந்தது. 1872இல் பட்டமேற்படிப்புப் பிரிவு தொடங்கிற்று. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பாதி ஊதியத்துடன் ஆய்வு விடுப்பு என்ற ஏற்பாடு 1880இல் வந்தது. அவர் பதவியேற்றபோது ஏறக்குறைய அறுபதாக இருந்த ஆசிரியர் தொகை, விலகும்போது அறுநூறை எட்டியிருந்தது.

இழந்தவர்களும் உண்டு. மாணவர் தாமே வந்து நிறைந்த கிரேக்க, இலத்தீன் வகுப்புகளுக்கு இனி மாணவரைத் தேட வேண்டியதாயிற்று. எலியட்டை முந்திப் பதவி பெற்ற கிப்ஸின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. 1871இல் வேதியியல் ஆய்வுக்கூடங்கள் ஒன்றாக்கப்பட்டபோது அவர் தம் ஆய்வுக்கூடத்தை இழந்தார். ஒளியும் வெப்பமும் மட்டுமே கற்பிக்கும்படி ஆயிற்று. சிக்கனமே காரணம் என்று கொண்டாலும், ஒரு வேதியியலாருக்கு இது எத்தகைய இழப்பு என்பதை வேதியியல் மாணவனாகிய நான் உணர்கிறேன். எலியட்டின் பெருமையைச் சொல்லும்போது இதை மறைப்பது முறையாகாது.

பிரான்சிஸ் சைல்டு என்ற அறிஞரின் கதை வேறு. அவர் 1851 முதல் கால் நூற்றாண்டுக் காலம் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியே களைத்தார். 1876இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அழைத்தபோதுதான் ஹார்வர்டு விழித்துக்கொண்டு, அவரை அச்சுமையிலிருந்து விடுவித்து ஆங்கிலப் பேராசிரியராக்கியது. பின்னர் அவர் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைப்பாடல் தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை. முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி மட்டும் பெரும்பாலும் கட்டாயமாகவே நின்றது. அந்தத் தாள்கட்டுகள் இளம் ஆசிரியர்களின் மேசைக்கு மாறின.

விருப்பப் பாட முறையின் குறையும் வெளிப்பட்டது. 1903இல் ஆசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, மாணவர்கள் படிப்பில் செலவிடும் நேரம் ஆசிரியர்கள் எண்ணியதைவிட மிகக் குறைவு என்று கண்டது. எளிய பாடங்களையே தேடிச் சென்றோர் பலர். அக்குழுவில் இருந்த லாரன்ஸ் லோவெல் 1909இல் எலியட்டுக்குப் பின் தலைவரானார். 1910இல் சேர்ந்தவர்கள் முதல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டும் என்று விதி செய்தார். 1945இல், கோனன்ட் தலைவராக இருந்தபோது, எல்லோருக்கும் பொதுவான கல்வி எது என்று ஹார்வர்டு மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விருப்பப் பாடம் எழுதித் தரச் சொன்ன நாளில் வீட்டில் கேட்க எனக்கு யாருமில்லை. பக்கத்து நண்பன் எழுதியதையே எழுதப்போனேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் என்னை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு பாடத்திலும் என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணி எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. அவர் வேலைக் கணக்கிலும் ஏறியிராது. எலியட்டின் வாழ்வைப் படித்தபோது எனக்கு அவர் முகமே நினைவுக்கு வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவனுக்கு வரும்போது, வழிகாட்டும் கடமை ஆசிரியருக்குக் கூடுகிறது.

எலியட் 1926 ஆகஸ்டு 22ஆம் நாள், தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார். மாணவனை நம்பியவர் அவர். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதி பெற வேண்டும். அதற்கு நமக்காக நேரம் செலவிடும் ஆசிரியர்களை நன்றியுடன் நினைப்பதே முதற்படி.