கேரி ஐயர் குடும்பமும் கோயிற் பதிவேடும்

வில்லியம் கேரி ஐயரின் பெயரைக் கேட்டறியாத கிறிஸ்தவ மாணவர் அரியர். வங்காள மொழியிற் புதிய ஏற்பாட்டை 1801ஆம் ஆண்டில் அச்சேற்றியதும், 1818ஆம் ஆண்டில் சீராம்பூர்க் கலாசாலையைத் தோழருடன் நிறுவியதும் அவர்தம் புகழுக்குப் போதிய சான்றுகளாம். ஆயினும், அப்புகழ் வருமுன் அவர் எக்குடியினர் என வினவுவோர், இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர்க் கோயில்களின் பழைய பதிவேடுகளையே நாடல் வேண்டும்.

எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராகிய தாமஸ் கிராம்வெல் என்பார், ஒவ்வோர் ஊர்க்கோயிலிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டுமென 1538ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். அதனால் பிரபுவும் உழவனும் ஒரே ஏட்டில் இடம் பெற்றனர். நிலமும் பட்டமும் இல்லாத ஏழைக் குடும்பத்தின் தலைமுறைகளை ஆராய்வோர்க்கு இன்றும் பெருந்துணையாவன இவ்வேடுகளே.

கேரி ஐயரின் குடும்பம் அத்தகையதே. நார்தாம்டன்ஷயரிலுள்ள பாலர்ஸ்பரி என்னும் ஊரில், 1761 ஆகஸ்டு 17ஆம் நாள், நெசவாளராகிய எட்மண்டு கேரியின் ஐந்து மக்களுள் மூத்தவராக அவர் பிறந்தார். பாட்டனார் பீட்டர் அவ்வூர்க் கோயிற் குமாஸ்தாவாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். வில்லியம் ஆறு வயதினராய் இருக்கையில் தந்தையாரும் அவ்விரு பணிகளையும் ஏற்றார். ஆராதனையிற் சபையார்க்கு முன்னின்று மறுமொழி கூறுதலும், குருவானவர்க்குத் துணைசெய்தலும் குமாஸ்தாவின் கடமைகளாம். நெசவோடு எழுத்தும் அறிந்த குடும்பம் அது.

வில்லியம் பிடிங்டன் என்னும் ஊரில் பாதரட்சை செய்யும் தொழிலைப் பயின்றார். அங்கே 1781 ஜூன் 10ஆம் நாள், இருபது வயது நிரம்பாத அவர், தம்மினும் மூத்தவராகிய டாரதி பிளாக்கெட் என்னும் நங்கையை மணந்தார். அதற்கு முன்னரே அவர் இங்கிலாந்துத் திருச்சபையினின்று பிரிந்தோருடன் கூடி ஜெபிப்பவராயிருந்தார். ஆயினும், குவேக்கரும் யூதரும் ஒழிந்த யாவரும் ஊர்க்கோயிலிலேயே மணம் புரிந்து, பதிவேட்டில் தாமே கையொப்பமிடல் வேண்டுமென 1753ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவ்விதிப்படி மணமகனார் தம் பெயரை எழுதினார். எழுத்தறியாத மணமகளோ சிலுவைக் குறியொன்றை இட்டார்.

இதன்பின் குடும்பத்தைத் தேடுவோர்க்கு ஒரு தடை நேர்கின்றது. 1783 அக்டோபர் 5ஆம் நாள், நேன் நதியில் முழுகி ஞானஸ்நானம் பெற்று, ஐயர் பாப்திஸ்து சபையைச் சார்ந்தார். அச்சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில்லை. ஆதலின் அத்தகைய குடும்பங்களின் மக்களை ஊர்க்கோயில் ஏட்டில் மட்டும் தேடுதல் போதாது. பிரிந்த சபைகள் தனியே வைத்திருந்த பிறப்பேடுகளையும் நாடல் வேண்டும்.

நிற்க. பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் கூறும் ஏடு, அவற்றிடையே ஒருவர் பட்ட துன்பத்தைக் கூறுவதில்லை. அவர்களுடைய முதற்குழந்தை ஆன் இரண்டாம் வயதிற் சுரத்தால் மரித்தது. 1793ஆம் ஆண்டில் ஐயர் இந்தியாவுக்குப் புறப்படுகையில், அம்மையார் முதலில் உடன்வர மறுத்தார். பின்னர்ச் சின்னஞ்சிறு கைக்குழந்தையுடன், உடன்பிறந்தாளும் துணைவர, இசைந்து கப்பலேறினார். மறு ஆண்டிலேயே ஐந்து வயது மகன் பீட்டரை வங்காளம் பலிகொண்டது. அம்மையாரின் சித்தம் கலங்கிற்று. 1807 டிசம்பர் 8ஆம் நாள் சீராம்பூரில் மரிக்கும்வரை அக்கலக்கம் தீரவில்லை. அவர் புலம்பிக்கொண்டிருந்த அதே வீட்டிலேதான் ஐயர் வேதாகமத்தை மொழிபெயர்த்துவந்தார்.

ஐயரின் அருந்தொண்டைப் போற்றும் நாம், அதற்காக அம்மையார் இழந்தவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். பிடிங்டன் கோயிலேடு அவ்வாறு மறக்கவில்லை. கணவரின் கையொப்பமும் மனைவியின் சிலுவைக் குறியும் அங்கே ஒரே பதிவில் நிற்கின்றன. கேரி ஐயரின் சரித்திரம் கூறுவோரும் அவ்விருவரையும் ஒருங்கே வைத்துக் கூறுதலே நீதியாம்.