சூரிய ஒளியில் கறுப்புக் கோடுகள்



தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல பொருள்களைக் குறித்துவிடுகிறோம். ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி. ஆனால் ஒளிக்கு இவை மூன்றும் ஒன்றல்ல. முதலாவது ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டாவது திருப்பி அனுப்புகிறது. மூன்றாவது உள்ளே விட்டாலும் வளைத்து விடுகிறது. இந்த மூன்று கண்ணாடிகளையும் வரிசையாகத் தன் வாழ்வில் கடந்து வந்த ஒருவரைப் பற்றி இன்று பார்ப்போம். இயற்பியல் பாடத்தில் அவர் பெயரில் சில கோடுகளைப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு.

யோசேப் ஃபிரான்ஹோஃபர் 1787ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலுள்ள ஸ்ட்ராபிங் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்தவர். பதினொரு பிள்ளைகளில் யோசேப் கடைசி. பத்து வயதில் தாயையும் அடுத்த ஆண்டில் தந்தையையும் இழந்தார். 1799இல், பன்னிரண்டு வயதில், மியூனிக் நகரில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்யும் வைக்சல்பெர்கர் என்பவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஆறு ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அக்காலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் கலந்து ஒட்டுவார்கள். அந்த உலோகப் பூச்சு இருந்தால்தான் உள்ளே போன ஒளி திரும்பி வரும். பையன் பகல் முழுவதும் கண்ணாடி தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில் பழகும் சிறுவர்களுக்கென்று நகரில் நடந்த பள்ளிக்குப் போக முதலாளி விடவில்லை. இரவில் விளக்கேற்றிப் படிக்கவும் அனுமதியில்லை. பிற்காலத்தில் ஒளியைப் பற்றி உலகுக்குச் சொல்லித்தர இருந்தவருக்குப் படிக்க ஒரு விளக்கு கிடைக்காத நாட்கள் அவை.

1801ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அந்த முதலாளியின் வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இடிபாடுகளில் சிக்கி இறந்தார். பதினான்கு வயது யோசேப்பைப் பல மணி நேரத்துக்குப் பின் உயிரோடு வெளியே எடுத்தார்கள். பவேரியாவை ஆண்ட இளவரசர் மாக்சிமிலியன், பின்னர் 1806இல் அரசரானவர், அந்த இடத்திற்கே வந்திருந்தார். உயிர் பிழைத்த சிறுவனுக்கு அவர் 18 பொற்காசுகள் கொடுத்தார். உட்ஷ்னைடர் என்ற செல்வரும் அங்கே அவனைப் பார்த்தார். அவர் புத்தகங்கள் கொடுத்து உதவினார். அந்தப் பொற்காசுகளைக் கொண்டு யோசேப் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். மீதமிருந்த ஒப்பந்தக் காலத்துக்கும் பணம் கட்டி விடுதலை பெற்றார்.

இந்த விபத்தை இறைவனின் அற்புதத் திட்டம் என்று மகிழ்ந்து எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அதே கூரையின்கீழ் ஒரு பெண் இறந்திருக்கிறார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. பிழைத்தவரின் புகழைச் சொல்லும்போது இறந்தவரை ஒரு வரியில் தாண்டிப் போவது நம் கதைகளில் எளிதாக நடந்துவிடுகிறது.

விடுதலை கிடைத்ததும் யோசேப் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. முகவரி அட்டைகள் அச்சிட்டு விற்கும் தொழிலைத் தொடங்கி நஷ்டப்பட்டார். விட்டு வந்த முதலாளியிடமே மீண்டும் கூலிக்குப் போனார். 1806இல்தான் வழி திறந்தது. உட்ஷ்னைடரும் ரைக்கன்பாக் என்ற பொறியாளரும் சேர்ந்து நடத்திய அளவைக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டே பெனடிக்ட்பாயர்ன் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார்.

கத்தோலிக்க வாசகர்கள் இந்த ஊரைக் கவனிக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டிலேயே எழுந்த ஆசீர்வாதப்பர் துறவு மடம் அங்கிருந்தது. 1803இல் பவேரிய அரசு துறவு மடங்களைக் கைப்பற்றியபோது அதுவும் பறிபோனது. துறவிகள் வெளியேற்றப்பட்டனர். அந்தக் கட்டடங்களை உட்ஷ்னைடர் விலைக்கு வாங்கிக் கண்ணாடி உலை அமைத்தார். சுற்றிலும் காடு, எரிக்க விறகு, அருகிலேயே ஓடும் நீர். உலைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. துறவிகளின் கண்ணீரின்மேல் அந்த உலை எரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே செய்ய முயன்றது என்ன? இதைப் புரிந்துகொள்ள ஒளியின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் நுழைந்ததும் அந்த வேகம் சுமார் 2 லட்சமாகக் குறைகிறது. வைரத்துக்குள் இன்னும் குறைந்து ஒன்றேகால் லட்சத்துக்கு அருகில் வருகிறது. சாய்வாக நுழையும் ஒளி, வேகம் குறையும்போது திசையும் மாறி வளைகிறது. இதுவே ஒளிவிலகல். ஆனால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் வளைவதில்லை. சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் வளையும். அதனால் ஒற்றைக் குவிவில்லை வழியே ஒரு விண்மீனைப் பார்த்தால் அதைச் சுற்றி நிறங்கள் கசியும். உருவம் தெளிவாக நிற்காது.

இதற்கு இங்கிலாந்தில் ஏற்கெனவே மருந்து கண்டிருந்தார்கள். கிரௌன் என்ற சாதாரணக் கண்ணாடியில் ஒரு குவிவில்லை, ஈயம் கலந்த ஃபிளின்ட் என்ற கனத்த கண்ணாடியில் ஒரு குழிவில்லை, இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்று பிரித்த நிறங்களை மற்றொன்று கூட்டிவிடும். 1758இல் லண்டனில் ஜான் டாலண்ட் இதற்கு உரிமம் பெற்றார். தொல்லை எங்கே என்றால், ஃபிளின்ட் கண்ணாடியைப் பெரிய அளவில் குற்றமில்லாமல் செய்ய யாராலும் முடியவில்லை. உருக்கும்போது ஈயம் அடியில் தங்கிவிடும். சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றினால் நெளிநெளியாகத் தெரியுமே, அதுபோல உறைந்த கண்ணாடிக்குள்ளும் நெளிவுகள் நிற்கும். ஒளி ஒவ்வொரு நெளிவிலும் தடுமாறும்.

இந்த நெளிவை வென்றவர் ஃபிரான்ஹோஃபர் அல்லர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பியேர் லூயி கினான் என்ற முதியவர். பல்கலைக்கழகம் காணாத இவர் பல ஆண்டுகள் சொந்தச் செலவில் உலை வைத்துத் தோற்றுத் தோற்றுக் கற்றவர். மூசையில் உருகிக் கொதிக்கும் கண்ணாடியைச் சுட்ட களிமண் கோலால் இடைவிடாமல் துழாவ வேண்டும் என்பதே அவர் கண்டுபிடித்த இரகசியம். கேட்டால் எளிதாக இருக்கிறது. மரக்கோல் எரிந்துவிடும், இரும்புக்கோல் கண்ணாடியைக் கறைப்படுத்தும் என்று நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இந்த இரகசியத்தை இளைஞர் ஃபிரான்ஹோஃபருக்குக் கற்றுக்கொடுக்கும்படி உட்ஷ்னைடர் சொன்னார். 1811இல் உலையின் பொறுப்பே மாணவரிடம் தரப்பட்டது. அறுபதைத் தாண்டிய ஆசிரியர் இருபத்து நான்கு வயது மாணவரின் கீழ் வேலை செய்ய வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் மனக்கசப்போடு தன் ஊர் திரும்பினார். ஃபிரான்ஹோஃபரின் திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் கினானுக்கு நடந்தது நியாயமாகப்படவில்லை.

நல்ல கண்ணாடி கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வில்லைகளும் பொருந்த வேண்டுமானால், ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டும். முப்பட்டகம் காட்டும் நிறமாலையிலோ சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்ல முடியும்? ஒன்று மற்றொன்றில் கரைந்து போகிறது. அளக்க ஒரு குறி இல்லை.

விளக்குச் சுடரின் நிறமாலையில் ஒரு பிரகாசமான மஞ்சள் கோடு எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதை ஃபிரான்ஹோஃபர் கவனித்தார். நம் வீட்டில் உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மஞ்சள்தான். சூரிய ஒளியிலும் அந்தக் கோடு தெரிகிறதா என்று பார்க்க விரும்பினார். 1814ஆம் ஆண்டளவில் ஓர் அறையை இருட்டாக்கி, ஜன்னல் பலகையில் மெல்லிய கீறல் வழியே வெயிலை உள்ளே விட்டார். சுமார் 24 அடி தள்ளி முப்பட்டகத்தை வைத்தார். அதன் பின்னால் நில அளவையில் பயன்படும் தியோடலைட் கருவியின் தொலைநோக்கியில் கண் வைத்தார்.

பிரகாசமான கோடு இல்லை. அந்த இடத்தில் கறுப்புக் கோடு இருந்தது. ஒன்றல்ல, சிவப்பிலிருந்து ஊதா வரை நூற்றுக்கணக்கான கோடுகள். 1802இலேயே வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேயர் சிலவற்றைக் கண்டு, நிறங்களுக்கு இடையிலுள்ள எல்லை என்று நினைத்து விட்டுவிட்டார். ஃபிரான்ஹோஃபர் விடவில்லை. கருவியின் குற்றமோ, கண்ணின் குற்றமோ என்று மாற்றி மாற்றிச் சோதித்தார். கீறலை மாற்றினாலும் கண்ணாடியை மாற்றினாலும் அந்தந்த நிறத்தில் அந்தந்தக் கோடு அப்படியே நின்றது. 570க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணினார், முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். வெள்ளி கோளின் ஒளியிலும் அதே கோடுகள் இருந்தன. கோளுக்கு ஏது சொந்த ஒளி? அதன்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி தன் அடையாளத்தை விடாமல் கொண்டுவந்தது. சிரியஸ் விண்மீனைப் பார்த்தபோதோ கோடுகள் வேறாக இருந்தன.

ஒளி இல்லாத இடங்களாகத் தெரிந்த அந்தக் கோடுகளையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் முதன்முதலாகத் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. கோடுகள் ஏன் உண்டாகின்றன என்பதை அவர் அறியவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1859இல் ஹைடல்பெர்க் நகரில் கிர்ச்சாஃப் அதை விளக்கினார். ஒரு வாயு சூடாக இருக்கும்போது எந்த நிறத்தை உமிழ்கிறதோ, தன்னைக் கடந்து செல்லும் ஒளியில் அதே நிறத்தை விழுங்குகிறது. சூரியனின் வெளிப்பகுதியிலுள்ள சோடியம் மஞ்சளில் ஒரு கோட்டை விழுங்குகிறது, கால்சியம் ஊதாவில் விழுங்குகிறது. ஃபிரான்ஹோஃபர் முதல் எழுத்துகளால் குறித்த இரண்டு கோடுகள் சூரியனைச் சேர்ந்தவையே அல்ல, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் போட்டவை. தொட முடியாத விண்மீனில் என்ன இருக்கிறது என்று மனிதன் படிக்கத் தொடங்கியது இப்படித்தான். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1909இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் இந்தக் கோடுகள் சற்றே இடம் நகர்ந்திருந்ததைப் பார்த்துத்தான்.

மீதிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1819இல் பட்டறை மியூனிக் நகருக்கு மாறியது, உலை மட்டும் பழைய மடத்திலேயே தொடர்ந்தது. நெருக்கமாகக் கட்டிய மெல்லிய கம்பிகளின் வழியே ஒளியைச் செலுத்தி அதன் அலைநீளத்தையும் அவர் அளந்தார். 1824இல் டார்பட் ஆய்வுக்கூடத்துக்கு 24 சென்டிமீட்டர் அகலமுள்ள வில்லையோடு தொலைநோக்கி செய்து கொடுத்தார். பவேரிய அறிவியல் கழகத்தில் அவருக்கு இடம் தருவது பற்றிப் பேச்சு வந்தபோது, படிப்பில்லாத கைத்தொழிலாளி என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை மீறி இடம் கிடைத்தது. அதே 1824இல் அரசர் வீரப்பட்டமும் அளித்தார்.

ஆனால் கண்ணாடி செய்யும் முறையை அவர் வெளியே சொல்லவில்லை. கோடுகளைப் பற்றி எல்லாருக்கும் எழுதினார், உலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொழில் போட்டி அப்படி. இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே போன்ற மேதை 1825 முதல் பல ஆண்டுகள் முயன்றும் அந்தத் தரத்தில் கண்ணாடி செய்ய முடியவில்லை. கினானின் பிள்ளைகளில் ஒருவர் வழியாகத் துழாவும் முறை முதலில் பிரான்சுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. துரத்தப்பட்ட முதியவரின் அறிவுதான் கடைசியில் பலருக்கும் கிடைத்தது.

உலையின் வெப்பமும் ஈயப் புகையும் ஃபிரான்ஹோஃபரின் உடலை முன்பே கெடுத்திருந்தன என்று பலர் கருதுகின்றனர். காச நோயால் 1826ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் இறந்தார். வயது 39. திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பே இறந்திருந்த ரைக்கன்பாக்கின் அருகில் மியூனிக்கில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வடிவமைத்த கருவியைக் கொண்டு 1838இல் பெஸ்ஸல் ஒரு விண்மீனின் தூரத்தைக் கணக்கிட்டார். அவரது பட்டறையின் தொலைநோக்கியில்தான் 1846இல் பெர்லினில் நெப்டியூன் கோள் தென்பட்டது.

பெனடிக்ட்பாயர்ன் மடத்துக்கு 1930இல் மீண்டும் துறவிகள் வந்தனர். இம்முறை வந்தவர்கள் தொன் போஸ்கோவின் சலேசிய சபையினர். ஆதரவற்ற சிறுவர்களுக்கும் தொழில் பழகும் சிறுவர்களுக்கும் என்று தொடங்கப்பட்ட சபை அது. ஃபிரான்ஹோஃபர் கண்ணாடி உருக்கிய கூடம் உலைகளோடு அங்கே அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது.