மேகநாத சாகா

ஆவணித் திங்களில் எல்ல மலைச்சரிவில் நின்று இரவு வானை நோக்குவார்க்குத் தனு இராசியருகே பால்வீதி தடித்துத் தோன்றும். ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அதன் நடுவிடம் உளது. ஆங்குள்ள வாயு முகில்களின் வெப்பத்தை இன்று அறிஞர் அளந்துரைக்கின்றனர். எட்டாப் பொருளின் வெம்மையை ஒளிகொண்டு அளக்கும் கலைக்கு வழிகோலியோருள் ஒருவர் மேகநாத சாகா.

1893இல் டாக்காவை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில் எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1905இல் ஆளுநர் வருகையைப் புறக்கணித்தமையால் பள்ளியை இழந்தார், உதவிப்பணமும் போயிற்று. கல்கத்தா விடுதியிலோ குலத்தின் பெயரால் உடனுண்ணல் மறுக்கப்பெற்றது. கற்றோர் கூடிய இடத்தே இது நிகழ்ந்தது என்பதே நம்மனோர் நாணுதற்குரியது.

1920இல் அவர்தம் அயனாக்கச் சமன்பாடு வெளிவந்தது. வெப்பமும் அமுக்கமும் தெரியின், வாயுவின் அணுக்களுள் எத்துணை இலத்திரனை இழந்து நிற்கும் எனக் கணித்தல் கூடும். விண்மீனின் நிறமாலைக் கோடுகளே அதன் வெப்பமானி ஆயின.

1937இல், விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் மூலக்கூறுகள் உளவோ என வினவினார். அவர் சுட்டிய சோடிய மூலக்கூறு பொருந்தவில்லை; வினா பொருந்திற்று. 1968இல் தௌன்சு குழுவினர் பால்வீதி நடுவின் திசையில் அமோனியாவைக் கண்டனர். அதுவே முகில்களின் வெப்பமானி ஆயிற்று. பிற முகில்கள் 10, 20 கெல்வின் குளிரில் உறைந்து கிடக்க, இவை 50 முதல் 100 கெல்வினும் அதற்கு மேலும் வெம்மையுற்றுள்ளன. வாயுவின் கொந்தளிப்பும் அண்டக் கதிரும் காரணம் என்பர்.

சாகா அதனைக் கண்டாரல்லர். 1952இல் நாடாளுமன்றம் புகுந்த அவர், 1956 பெப்ரவரி 16இல் தில்லியில் திட்டக் குழு அலுவலகம் செல்லும் வழியில் வீழ்ந்து உயிர் நீத்தார்.